ஒரு டீ, ரெண்டு கிளாஸ்

உத்திரமேரூர் பக்கம், எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறேன். என் பெயர் ஆதிலட்சுமி. கடைக்கு வருகிறவர்களில் எனக்குச் செல்லம் கல்பனாதான். அவளிடம் சொல்லிவிடாதீர்கள், தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

கல்பனாவுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். புருஷன் வினோத்குமாருக்கு வேறொரு கம்பெனியில் பகல் வேலை. காலையில் அவள் தன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, அவன் தன் பஸ்ஸுக்காக நிற்பான். நடுவில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்கள் குடித்தனம்.

“அக்கா, ஒரு டீ, ரெண்டு கிளாஸ்” என்பாள். ஆளுக்கொரு டீ குடித்தால் குறைந்தா போய்விடும்? எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்தப் பாதி டீக்கு அவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டுமே. பஸ்ஸில் எவள் குறட்டை விட்டாள், கேன்டீன் சாம்பாரில் என்ன மிதந்தது, எல்லாம் வரும். கேஸ் தீர்ந்ததும் மாமியார் முகம் சுளித்ததும் மட்டும் வராது. அவன் சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவான்.

போன தை மாதம் அவளுக்கும் பகல் ஷிப்ட் கிடைத்தது. அப்பாடா, இனி வீட்டிலேயே சேர்ந்து குடிப்பார்கள் என்று நினைத்தேன். இருவரும் கடையில் உட்காருவதை விட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்பனா பெரிய பையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

“தாமலுக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போறேங்க்கா. ஒரே வூட்லதான் கீறோம். அவரு போனைப் பாத்துக்கினு கீறாரு, நான் பாத்திரத்தைப் பாத்துக்கினு கீறேன். இன்னா பேசினாலும் சண்டையில போய் முடியுது.”

“எப்ப திரும்பி வருவ?”

“தெரியலக்கா.”

டீ குடிக்கிறாயா என்று கேட்டேன்.

“ஒரு டீ, ரெண்டு கிளாஸ்.”

பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எதுவும் கவனிக்காதவள் மாதிரி இரண்டு கிளாஸிலும் ஊற்றிப் பெஞ்சில் வைத்தேன். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

காஞ்சிபுரம் பஸ் வந்தது. கண்டக்டர் விசில் ஊதிப் பார்த்தார். கல்பனா எழுந்திருக்கவில்லை.

“போவட்டும்க்கா. டீ மீதி கீது.”

அவள் கிளாஸ் காலியாகத்தான் இருந்தது.

பஸ் போன பிறகு வினோத்குமார் வந்து சேர்ந்தான். சட்டைப் பொத்தான் மாறியிருந்தது, காலில் செருப்பில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவளெதிரே நின்றான்.

“இன்னா, இவ்ளோ நேரம்?” என்றாள் அவள்.

“பஸ்ஸு லேட்டு.”

வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. கல்பனா பையைப் பெஞ்சிலிருந்து கீழே இறக்கி வைத்தாள். அவன் உட்கார்ந்து கிளாஸைக் கையில் எடுத்தான். டீ ஆறி, ஆடை படிந்திருந்தது.

“குடுப்பா, வேற ஊத்தித் தரேன்” என்றேன்.

“வேணாங்க்கா. இது அவ எனக்கு வாங்கி வச்சது.”