வெதநெல்லை அவிச்ச வாரம்

எங்க திருவாடானைப் பக்கம் மழை வந்த பெறகு வெதைக்கிற சோலியே கெடையாது. ஆவணியிலயே காஞ்ச புழுதியில நெல்லைத் தூவிட்டு, வானத்தைப் பாத்து உக்காந்துர வேண்டியதுதான். பேஞ்சா நல்லாப் பேயணும், இல்லைனா சும்மா இருக்கணும். அந்த வருசம் பாவி மழை ரெண்டுங்கெட்டானாத் தூறிட்டுப் போயிருச்சு. நெல்லு மொளச்சு, பத்தே நாள்ல கருகிருச்சு. ஊருக்கே அதே கதி. மறு வெதப்புக்குன்னு எங்க வீட்டுல ஒரே ஒரு மூட்டை வெதநெல்லு மிச்சம். அதுவும் போனா, கேட்டு வாங்க ஒரு வாசல் கெடையாது.

எங்க வீட்டுக்காரருக்குக் கர்ப்போட்டத்துல அம்புட்டு நம்பிக்கை. மார்கழிக் கடைசியில மேகம் கருத்தரிக்குமாம். அது எந்தெந்த நாள் ஓடுதுன்னு பாத்து வச்சுக்கிட்டா, அடுத்து எந்த மாசம் மழைன்னு சொல்லிரலாமாம். வருசா வருசம் பாத்ததைக் கரிக்கட்டையால அடுப்படிச் சுவத்துல கோடாக் கிழிச்சு வைப்பாரு. "ஐப்பசிக் கடைசியில மழை உண்டு. மூட்டையத் தொட்டுறாத புள்ள"ன்னு சொல்லிட்டு, மண்டபத்துக்கு மீன் லோடு ஏத்தப் போனாரு.

எனக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே எரிச்சலு. மூணு வருசமா அது சொன்ன மழை எது வந்துச்சு? கோட்டைக் கரைச்சுக் குடிக்கவா முடியும்? நான் ரேடியோக்காரி. சாயங்காலச் செய்தி முடியுறப்ப வானிலை சொன்னாங்க: இந்த வாரம் பூராவும் வறண்ட வானிலைதானாம். வீட்டுல ரேசன் அரிசி தீந்து ரெண்டு நாளு. ரெண்டு பொம்பளப் புள்ளைகளும் புளியங்கொட்டையை வறுத்துத் தின்னுட்டு, வயித்து வலின்னு சுருண்டு கெடந்துச்சுக. வெதநெல்லாவது மண்ணாங்கட்டியாவதுன்னு அண்டாவை எறக்கினேன். ஒரு படிய மட்டும் குத்தியிருக்கலாம். வந்த ஆத்திரத்துல மூட்டை மொத்தத்தையும் அவிச்சுக் காயப்போட்டேன். அவிச்ச நெல்லு மொளைக்காதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் செஞ்சேன். இனி ஒரு தடவை மண்ணுல கொட்டி நாசம் பண்ணக் கூடாதுன்னுதான் செஞ்சேன்.

மூணாம் நாளு காலையில கெழக்க கருத்துச்சு. அப்பறம் பிடிச்சுது பாருங்க மழை! கொடம் கொடமாக் கொட்டுச்சு.

மத்தியானம் அவரு வந்தாரு. உப்பூர்ல பஸ்ஸு நின்னு போக, அங்கனயிருந்து நடந்தே வந்திருக்காரு. மேலெல்லாம் தண்ணி சொட்டுது, வாயெல்லாம் பல்லு. வர்ற வழியிலயே எங்க அண்ணங்கிட்ட ஏரு கேட்டு, அவரையும் மாட்டோட கூட்டியாந்துட்டாரு. "எடு புள்ள மூட்டைய!"ன்னாரு.

"அவிச்சுட்டேங்க."

"எம்புட்டு?"

"பூராவும்."

அடிப்பாருன்னு நின்னேன். அடிச்சிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும். அவரு உள்ள போயி, தூங்குற புள்ளைக வயித்தைத் தொட்டுப் பாத்தாரு. பெறகு வாசலுக்குப் போயி, "மச்சான், மாட்டை ஓட்டிட்டுப் போங்க, நனையுது"ன்னாரு.

அந்த வருசம் கம்மாய் நெறஞ்சு மறுகால் போச்சு.