"தொடாதே" என்று நான் கத்திய நாள்

சபையில் எழுந்து நின்று பேச எனக்குத் தைரியம் வராது. அதனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை எழுதிக் கொடுக்கிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. என் வீட்டுக்காரர் போர்வெல் போடும் வண்டியில் ஊர் ஊராகப் போனவர். அவர் இறந்த பிறகு சோதித்துப் பார்த்து, எனக்கும் இருக்கிறது என்றார்கள். பன்னிரண்டு வருஷமாகக் காஞ்சிபுரம் போய் மாத்திரை வாங்கி வருகிறேன். யாராவது கேட்டால் முட்டி வலி என்பேன். மாத்திரை டப்பாவைக் கேழ்வரகுப் பானைக்குள் புதைத்து வைப்பேன். வியாதியைவிட ஊருக்குத்தான் எனக்குப் பயம்.

போன ஆவணியில், உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஏரிக் கால்வாயில் நூறு நாள் வேலை. முள்ளுப் புதர் வெட்டிக்கொண்டிருந்தோம். கத்தி நழுவி என் இடது கையில் பட்டு, ரத்தம் கொட்டியது. எங்களில் யாருக்கு வெட்டுப் பட்டாலும், கிட்டே இருப்பவர் வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து, வாயில் மென்று, காயத்தில் வைத்து அழுத்திப் பிடிப்பார். அதற்கு யாரும் யோசிப்பதில்லை. மல்லிகா தழையை மென்றுகொண்டே ஓடி வந்தாள். எங்கள் தெருக்காரி, எப்போதும் என் பக்கத்தில் நின்று வேலை செய்பவள். அவள் உள்ளங்கை முழுக்க முள் கீறல்.

பயத்தில் கத்திவிட்டேன். "தொடாத மல்லிகா. என் ரத்தத்துல வியாதி கீது."

எல்லோர் கையும் நின்றது. பின்னாலிருந்து ஒருத்தி, "அவ புருசன் அதுலதான போனான்" என்றாள்.

மறுநாள் தண்ணீர் குடிக்கக் குடத்துக்குப் பக்கத்தில் போனேன். ஒருத்தி குடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ வூட்லர்ந்து தனியா எட்த்தாந்துக்கக்கா. நாங்க புள்ளகுட்டிக்காரிங்கோ" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கொஞ்ச நாள் வராமல் இருங்கள் என்று வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதுகிற பெண்ணும் சொல்லிவிட்டாள். மல்லிகா அன்றைக்கு வேலைக்கே வரவில்லை.

வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். தெருவில் யார் பேசினாலும் என்னைப் பற்றித்தானோ என்று காது கொடுத்துக் கேட்பேன். மாத்திரையை நிறுத்திவிட்டால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்றுகூட நினைத்தேன். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே முழங்கால் போட்டேன். 'இயேசப்பா, வியாதியை எடுத்துவிடு என்று இத்தனை வருஷம் கேட்டேன். இப்போது அதைக் கேட்கவில்லை. என் பக்கத்தில் உட்கார ஒரே ஒருத்தரை அனுப்பு' என்றேன். அழுதுகொண்டே அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

கூலி இல்லாமல் முடியாது என்று அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மதியம் எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் தள்ளிப் போய்க் கரைமேல் வெயிலில் உட்கார்ந்தேன். மல்லிகா எழுந்து என்னை நோக்கி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

திட்டத்தான் செய்தாள். "இத்தினி நாளா எனக்குச் சோறு எறங்கலக்கா. உன் ரத்தம் மேல பட்டுச்சோ இன்னாவோன்னு பயந்துகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். ஒண்ணா துன்னா வராதாம், ஒரே சொம்புல குடிச்சாலும் வராதாம், நர்ஸம்மா சொன்னாங்க. என் கையில ஒரு சொட்டும் படல. நீதான் கிட்ட வுடலியே."

பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னக் காப்பாத்தத்தான கத்துன?"

அவள் என் சோற்று டப்பாவில் கை விட்டாள். "நார்த்தங்கா ஊறுகாவ தனியா துன்றதுக்குத்தான் இம்மாந்தூரம் வந்து குந்திகினு கீறியா?" என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

இப்படிக் கத்தி என் ரகசியத்தை நானே வெளியே விட்டேனே என்று என்னையே சபித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கத்தலை வைத்தே ஆண்டவர் அவளை அனுப்பினார்.

என் பக்கத்தில் உட்கார இன்னும் எல்லோரும் வரவில்லை. மல்லிகாவோடு இரண்டு பேர் வருகிறார்கள். பயமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது மாத்திரை வாங்கப் போனால் மல்லிகாவிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

என்னைப் போல மறைத்து வாழ்கிறவர்களே, மாத்திரையை விடாதீர்கள், ஜெபத்தையும் விடாதீர்கள். பெரிதாகக் கேட்கத் தெரியாவிட்டால் சின்னதாகக் கேளுங்கள், அவர் கேட்கிறார். மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் சாப்பிட உட்காரும்போது யாராவது தள்ளிப் போய் உட்கார்ந்தால், அவர் ஜெபத்தில் கேட்ட ஆள் நீங்களாக இருக்கலாம். எழுந்து போங்கள்.