துண்டை எடுத்தால் வரும் சேதி

சென்ற வியாழக்கிழமை காலை, பாலக்கோட்டில் என் தையல் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. அப்பா கிளம்பிவிட்டார் போலிருக்கிறது என்று ஷட்டரை இறக்கி ஓடப் பார்த்தேன். எடுத்துப் பார்த்தால், பக்கத்துக் கடை பர்வீனின் அண்ணன். "சரசுக்கா, நம்ம பர்வீன் போயிட்டாக்கா" என்றார். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. விடியற்காலையில் நெஞ்சு வலித்திருக்கிறது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பர்வீன் பானு அவர்கள் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். நான் மெஷினை மிதித்தால் அவர் மேஜை ஆடும். சுவரைத் தட்டி, "சரசுக்கா, ஒரு நிமிசம் நிறுத்துங்க, ஸ்க்ரூ ஓடுது!" என்று கத்துவார். அப்படித்தான் பழக்கமானோம். என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் பழகிய பதினொரு வருடமும் ஒருவரை ஒருவர் வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொண்டோம். அதட்டும்போதுகூட மரியாதை குறையாது.

என் அப்பா தக்காளி மார்க்கெட்டில் காலமெல்லாம் லோடு இறக்கியவர். மூன்று வருடமாக ஞாபகம் தவறிவிட்டது. பெற்ற மகளை யாரென்று கேட்பார், மார்க்கெட்டை மட்டும் மறக்க மாட்டார். "லோடு வந்திருக்கும், நா போவணும்" என்று பகலில் எந்த நேரமும் கிளம்பிவிடுவார். வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில் லாரி ஓடுகிற ரோடு. வெளியே பூட்டிவிட்டுப் போ என்று ஊரே சொன்னது. இதைச் சொல்லிப் பர்வீனிடம் அழுதேன். "ஆளப் பூட்டி வெக்கிறதுக்கு வூடு எதுக்குக்கா? இருங்க, பாக்கலாம்" என்றார்.

ஒரு வாரம் கழித்து டிபன் டப்பா ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர் போர்டு, அதோடு பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்தது போல வெள்ளை மூடி போட்ட சென்சார். அதற்கு மூன்று கால். "செவப்பு ஒயரு கரண்டு, கருப்பு ஒயரு கிரவுண்டு. நடுவுல இருக்கிற மஞ்சள்தான் சேதி சொல்லும். ஆளு அசைஞ்சா மஞ்சள்ல கரண்டு வரும், போர்டு அதப் படிச்சு உங்க போனுக்கு அனுப்பும். ஊசியில நூல் கோக்கறதவிட லேசு" என்றார். வாசலைப் பார்த்து மாட்டி, எதிரே நடந்து காட்டச் சொன்னார். என் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் படித்தேன்: "அய்யா கெளம்பிட்டாரு. தச்சது போதும், எந்திரிங்க சரசுக்கா." சிரித்துவிட்டேன்.

மாசி, பங்குனி இரண்டு மாதமும் அந்தப் பெட்டி ஒரு நாள்கூடத் தவறவில்லை. சித்திரையில் ஒரு மத்தியானம் தவறியது. சேதியே வரவில்லை. மார்க்கெட்டிலிருந்து தெரிந்த டெம்போ டிரைவர் கூப்பிட்டு, "ஐயா இங்க தக்காளி கிரேடு பெட்டி மேல உக்காந்திருக்காருங்க" என்றபோதுதான் தெரிந்தது. அத்தனை லாரிகளுக்கு நடுவே அப்பா தனியாக ரோட்டைத் தாண்டியிருக்கிறார்.

நான் பர்வீன் கடை வாசலில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். "பொம்மை செஞ்சு குடுத்து எங்கப்பாவக் கொல்லப் பாத்தீங்களே!" என்றுகூடச் சொன்னேன். கடைத்தெரு முழுக்கக் கேட்டது. நேரே போய் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கி வந்தேன். மறுநாள் அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். சாப்பாட்டுக்குத் திரும்பியபோது, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "கேட்டத் தொறங்க சாமி, லோடு நிக்குது" என்று யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். கை சிவந்து போயிருந்தது. வாசல் படியில் பர்வீன் உட்கார்ந்திருந்தார்.

"சாவியக் குடுங்க. இன்னிக்கு எங்கடை லீவு" என்றார். கொடுத்துவிட்டுப் போனேன். அன்று பொழுது சாயும்வரை அப்பாவோடு இருந்திருக்கிறார். நான் வந்ததும் சொன்னார்: "தப்பு என்னுதுதாங்க. அது சூட்டப் பாக்கிற கண்ணு. ஒடம்புச் சூடு நகந்தாத்தான் அதுக்குத் தெரியும். சித்திர மத்தியானத்துல உங்க சிமெண்ட் சீட்டுக் கூரைக்குக் கீழ செவுரும் ஒடம்பும் ஒரே சூடு. எது ஐயா, எது செவுருன்னு பாவம் அதுக்குப் புரியல. நா காலைல சோதிச்சேன், மத்தியானம் சோதிக்கல." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "ஆனா ஒண்ணு பாத்தேங்க. இன்னிக்கு நாலு தடவ கெளம்புனாரு. ரெண்டு தடவ செருப்ப மறந்துட்டாரு. துண்ட மட்டும் ஒரு தடவகூட மறக்கல" என்றார்.

நாற்பது வருடம் கூடவே இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. தலையில் துண்டு கட்டாமல் லோடு எடுக்க மாட்டார்கள். அப்பா ஆணியிலிருந்து துண்டை உருவி, உதறி, தலையில் சுற்றிய பிறகுதான் படி இறங்குவார்.

பர்வீன் என் பழைய மெஷினிலிருந்து ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றித் தரக் கேட்டார். ஆணியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்பிரிங் வைத்த கொக்கி ஒன்றை மாட்டினார். கொக்கியின் முதுகில் அரிசி நீளத்துக்கு ஒரு குழாய், அதற்குள் மிளகைவிடச் சின்ன குண்டு. துண்டு தொங்கினால் கொக்கி தாழ்ந்திருக்கும். எடுத்தால் எழும்பும், குண்டு உருளும், போர்டுக்குத் தெரியும். அதற்கு வெயிலும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். கரண்ட் போனாலும் ஓட ஒரு பேட்டரியும் வைத்தார். இந்தத் தடவை மூன்று நாள், காலை, மத்தியானம், சாயங்காலம் என்று சோதித்தார். கிளம்பும்போது, "தடுக்காதீங்கக்கா. கூடப் போயிட்டுக் கூட்டிட்டு வாங்க. அவருக்கு வேல முடிஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். கடைத்தெருவில் திட்டியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "தையக்காரி வாயி, கத்திரி மாதிரிதான இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தப் பூட்டு அதன்பின் என் கடை ஷட்டருக்குப் போய்விட்டது.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் பர்வீனுடைய அண்ணன் கடையைத் திறந்தார். மேஜைமேல் சூட்டைப் பார்க்கும் கண் வைத்துப் பாதி முடித்த டப்பா ஒன்று. வத்தல்மலையில் இதேபோல மாமியாரைத் தனியே விட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்காகச் செய்துகொண்டிருந்தது. போர்டில் எழுத வேண்டிய புரோகிராமைப் பர்வீன் எழுதி முடித்திருந்தார், ஒயர் மட்டும் கோக்கவில்லை. "இத என்னக்கா பண்றது?" என்றார் அண்ணன். "எங்கிட்டக் குடு" என்றேன்.

மெஷின் மேஜையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோத்தேன். சிவப்பு கரண்ட், கருப்பு கிரவுண்டு, மஞ்சள் சேதி. இணைத்தவுடன் ஒரு நிமிடம் கண்டபடி மின்னும், பயப்படக் கூடாது என்று பர்வீன் சொன்னது நினைவிருந்தது. மின்னி அடங்கியது. சென்சாருக்குக் குறுக்கே கையை வீசினேன், போர்டில் விளக்கு எரிந்தது. கடையில் தனியாக உட்கார்ந்து சத்தமாக அழுதேன். காலையில் எரிந்ததை மத்தியானமும் பார்க்க வேண்டுமே என்று வெயில் ஏறும்வரை வைத்திருந்து மறுபடி வீசினேன். எரிந்தது. மலை மேலே குளிர்ச்சிதான், இருந்தாலும் சித்திரை வந்ததும் ஒரு நடை போய்ப் பார்த்து வருவதாக இருக்கிறேன்.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. "அய்யா கெளம்பிட்டாரு. தச்சது போதும், எந்திரிங்க சரசுக்கா."

எந்திரிச்சிட்டேன் பர்வீன். அப்பாவும் நானும் மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வர்றோம். நீங்க நிம்மதியாப் போய் வாங்க.