ஆறாம் வளைவில் எரியும் விளக்கு

போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் இசக்கிப்பாண்டியின் அம்பாசடரில் ஏறாத குடும்பம் கிடையாது. பிரசவமோ பாம்புக்கடியோ, வித்துரா ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஆள் பிழைக்காது. இருபது வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று அவனுக்குக் கர்வம் நிறைய. வாயும் கொஞ்சம் நீளம்.

தொண்ணூற்றேழில் பெட்ரோல் கட்டுப்படியாகாமல், எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினான். பட்டறைக்குப் போகவில்லை. ஃபாக்டரி ஃபிட்டரான நானும் அவனும் எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பின்னால் வைத்தே செய்தோம். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி அடிச்சட்டத்தில் இடித்தது. நான்தான் அதை வெட்டி வெல்டிங் வைத்தேன். எண்ணெய் ஓட்டம் குறைந்தால் மீட்டர் பலகையில் எரியும் மஞ்சள் விளக்கின் மூடி அந்த வேலையில் உடைந்துபோனது. பழைய ஜீப் ஒன்றிலிருந்து சிவப்பு மூடி எடுத்துப் போட்டேன்.

இரண்டாவது வாரமே பேச்சு கிளம்பியது. வித்துராவுக்கு மலையிறங்கும் பாதையில், ஆறாம் வளைவில் இறங்கும்போது வண்டிக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறதாம். முன்சீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பாண்டி மட்டும் பார்க்கவில்லை.

"ஒரு வெளக்கும் எரியல. பனிமஞ்சு எறங்கினா ஒங்களுக்குப் பேய்தான் தெரியும்" என்று சண்டைக்குப் போனான்.

நானும் சோதித்தேன். எண்ணெய் அளவு சரி, வயர் சரி. லயத்து முன்னால் சமதரையில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் விளக்கு எரியவில்லை. அதற்குள் கொழுந்தெடுக்கும் முத்தாரம்மாள் ஒன்று சொல்லிவைத்தாள்: யாரைக் கொண்டுபோக வந்ததோ, அவன் கண்ணுக்கு மட்டும் அது தெரியாது. அதோடு வண்டியில் ஏற ஆள் இல்லை. பாண்டிக்கும் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. நாம் மீட்டர் பலகையைப் பார்த்தால், அவன் நம் முகத்தைப் பார்ப்பான். அவன் பக்கத்தில் உட்கார எனக்கே பிடிக்கவில்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் அவன் மனைவி பொன்செல்விக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். காலை எட்டு மணிக்குப் பத்தடி தெரியாத மஞ்சு. வேறு வண்டியும் இல்லை. முத்தாரம்மாளே முணுமுணுத்துக்கொண்டு பின்சீட்டில் அவளோடு ஏறினாள். நான் முன்னால்.

ஆறாம் வளைவில் எஞ்சின் சத்தம் வறண்டது. விளக்கு எரிந்தது. நல்ல சிவப்பு.

"பாண்டி, எரியுதுலே!"

"எங்க அண்ணாச்சி?" நேராக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முத்தாரம்மாள் அழ ஆரம்பித்தாள்.

அவன் விரலைப் பிடித்து மூடிமேல் வைத்தேன்.

"சூடா இருக்கு" என்றான். "ஆனா கறுப்பாத்தானே இருக்கு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இவனுக்குச் சிவப்பு தெரியவில்லை. கோளாறு என் வெல்டிங்கில்: சரிவில் எண்ணெய் முன்பக்கம் ஓடிவிடுகிறது, பம்புக்கு எட்டவில்லை. இப்படியே ஓட்டினால் எஞ்சின் இறுகி நடுவழியில் நின்றுவிடும். நியூட்ரலில் இறக்கச் சொன்னேன். பெட்ரோல் காலத்தில் மிச்சம்பிடிக்க அப்படித்தான் இறங்குவான். எஞ்சினை நிறுத்தினான்.

சத்தம் அடங்கியது. டயர் உரசுவதும் பொன்செல்வியின் மூச்சும் மட்டும்தான். வண்டி தானாக மஞ்சுக்குள் சரிந்துபோனது. அப்போது முன்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் தெரிந்தன, நின்றுகொண்டிருக்கும் ஒரு லாரி. பாண்டியின் கால் பிரேக்குக்குப் போகவில்லை.

"ரோடு காலியாக்கும்" என்றான், நிம்மதியாக.

"பிரேக்க சவிட்டுலே!"

லாரிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றோம். லாரியின் பின்விளக்கைக் காட்டி, உனக்குச் சிவப்பு தெரியவில்லை என்றேன். "இருபது வருஷம் அண்ணாச்சி. எத்தன பேர ஏத்தியிருக்கேன்" என்றான்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சரிவு முடிந்ததும் எஞ்சினைப் போட்டு, வித்துரா வரை நான் சிவப்பைச் சொல்லச்சொல்ல அவன்தான் ஓட்டினான். பொன்செல்வியும் பிள்ளையும் பிழைத்தார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தூக்கிப்போனபின் பின்கதவைத் திறந்தேன். காப்பிக்கலர் ரெக்சின் சீட் முழுக்க ரத்தம். பாண்டி துணியோடு வந்து எட்டிப்பார்த்தான்.

"தண்ணி கொட்டிருக்கு போல" என்றான்.

துணியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.