சொல்லுங்க சாமி

எங்கள் பக்கத்தில் 'சாமி' என்ற சொல் மலிவு. பால் குடிக்கிற குழந்தையும் சாமி, பல் போன கிழவரும் சாமி. பூசை வைக்கிற குருவானவரும் சாமிதான். சேரியில் பிறந்த எங்களுக்கு மட்டும் அதில் இன்னொரு பாடமும் உண்டு. பண்ணையக்காரர் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை இறக்கி, 'சாமி' என்று சொல்லி ஒதுங்கி நிற்க வேண்டும். அவரும் நாங்களும் கும்பிட்டது ஒரே சேசுநாதரை. கோயிலில் அவர்களுக்கு நடுமண்டபம், எங்களுக்குத் தெற்குப் பக்கம். கல்லறைத் தோட்டமும் இரண்டு. மோட்சத்திலும் நடுவில் சுவர் இருக்குமா என்று கேட்டு நான் அம்மாவிடம் உதை வாங்கியிருக்கிறேன்.

சங்ககிரிக்கு மேற்கே, ஒரு கோயிலும் ஒரு சாமியாரும் உள்ள சின்னப் பங்கு அது. என் அண்ணனுக்குக் குருவாக வேண்டும் என்று ஆசை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, லத்தீன் செபங்களை முணுமுணுத்துக்கொண்டே ஏர் ஓட்டுவான். குருமடத்தில் சேரப் பங்குச் சாமியார் சிபாரிசு செய்ய வேண்டும். தெற்கேயிருந்து வந்தவர் அவர், நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நாங்கள் எதையும் எதிர்பார்த்திருக்க மாட்டோம்.

"ஜனங்க முதல்ல உன்னை அங்கியில பார்த்துப் பழகட்டும். திருநாள் நாடகத்துல நீதான் குரு. மேற்றிராணியாரும் வர்றார், அவரும் பார்க்கட்டும். மத்ததை நான் பேசிக்கிறேன்" என்றார். மேற்றிராணியார் என்றால் ஆயர், சாமியார்களுக்கெல்லாம் மேலானவர்.

நாடகம் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் எழுதியது. காலரா வந்த ஊரில் ஒரு பண்ணையக்காரர் சாகக் கிடக்கிறார். உற்றார் எல்லாம் ஓடிவிட்டார்கள். முன்பு தான் விரட்டிய குருவையே அவர் கூப்பிட்டு, "சாமி, என்னைக் கைவிடாதீங்க" என்கிறார். குரு அவருக்கு, சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசி மந்திரிக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கிறார். பண்ணையக்காரராக நடித்தவர் எங்கள் அப்பா வேலை செய்த சோளக்காட்டுக்குச் சொந்தக்காரர். அவருக்கு வேஷமே தேவைப்படவில்லை.

ஒத்திகையில் அந்த வரி வரும்போதெல்லாம் அவருக்கு இருமல் வந்துவிடும். "அன்னைக்குச் சொல்லிக்கலாம் போங்க" என்பார். உபதேசியார் வற்புறுத்தவில்லை.

திருநாளன்று வெயில் தாழ்ந்ததும் நாடகம் தொடங்கியது. சாமியாரின் பழைய அங்கியை அம்மா கால்பக்கம் மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்ததும் அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. குருமடத்துக்கே போய்விட்ட மாதிரிதான் இருந்தது.

சாகும் கட்டம் வந்தது. அண்ணன் எண்ணெய்ச் சிமிழோடு கட்டிலருகே குனிந்து நின்றான். பண்ணையக்காரர் வாய் திறக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து உபதேசியார் வரியை எடுத்துக் கொடுத்தார். கடைசி வரிசைக்குக்கூடக் கேட்டது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு அண்ணனையே பார்த்தார். காட்டில் எங்களைப் பார்க்கிற அதே பார்வை.

அண்ணன் தடுமாறிவிட்டான். அங்கியும் மேடையும் மறந்துபோய், "சொல்லுங்க சாமி" என்றான்.

கூட்டம் சிரித்தது. எங்கள் சனமும் சேர்ந்து சிரித்தது, அதை நான் மன்னிக்கவே இல்லை. கட்டிலில் சாகக் கிடந்தவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். மேற்றிராணியார் பக்கத்திலிருந்தவரிடம் விவரம் கேட்டுக்கொண்டு, பிறகு அவரும் சிரித்தார். அண்ணன் சிமிழை மூடவும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனாள். அவர் எங்களை நிற்கவைத்தே பேசினார், முகம் வாடித்தான் இருந்தது.

"நீயே பார்த்தியேம்மா. அங்கி போட்டும் அவன் வாயில அதுதானே வந்துச்சு? நாளைக்குப் பீடத்துல நிக்கும்போது இப்படி ஆச்சுன்னா? இன்னும் காலம் வரல."

"அவங்க சொல்ல வேண்டியத அவங்க சொல்லலீங்களே சாமி" என்றாள் அம்மா.

மேடையில் வாய் திறக்காத பண்ணையக்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை. முந்தின நாள் விருந்தில் மேற்றிராணியாருக்கு எதிரில் அவருக்கு இலை போட்டிருந்தார்கள்.

அண்ணன் அங்கியை மடித்து அங்கேயே வைத்துவிட்டு வந்தான். திட்டவில்லை, அழவுமில்லை. சங்ககிரியில் ஒரு லாரியில் கிளீனர் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தான். புறப்பட்ட அன்று அம்மா கட்டுச்சோற்றைக் கையில் கொடுத்து, சிறு வயதிலிருந்து சொல்லும் வழக்கத்தில், "பாத்துப் போய்ட்டு வா சாமி" என்றாள்.

அவன் நின்றான்.

"என்னைய அப்பிடிக் கூப்புடாதம்மா. அந்தப் பேரு எனக்கில்லீன்னு சொல்லிப்போட்டாங்க."

அம்மா அதற்குப் பிறகு பதினாறு வருஷம் உயிரோடு இருந்தாள். அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.