வருஷம் பூரா ஒரே கேட்

யோகலட்சுமிக்கு ஒரே ஒரு ஆசைதான். வருஷம் பூராவும் ஒரே கம்பெனி கேட்டுக்குள் நுழைய வேண்டும். சிவகாசி அச்சகம் ஒன்றில் பைண்டிங் சூப்பர்வைசர் வேலை, அதுவும் நிரந்தரம் என்று காதில் விழுந்ததோ இல்லையோ, நாரணாபுரத்தில் பஸ் ஏறியவள் அருணாதேவியின் கம்ப்யூட்டர் கடையில்தான் போய் இறங்கினாள்.

அருணாதேவி ரெஸ்யூமைக் கடைசி வேலையிலிருந்து பின்னோக்கி அடித்தாள். நோட்டு, கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பட்டாசு, மறுபடி நோட்டு, மறுபடி கல்யாணப் பத்திரிகை. அது முடிகிற வழியாய் இல்லை.

“அக்கா, ஒரு எடத்துலயும் ஆறு மாசம் தங்கலையே! பாக்கறவுக ஓடுகாலின்னுல்ல நெனைப்பாக?”

யோகலட்சுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சரி, கம்பெனி பேரத் தூக்கிருவோம். தெரிஞ்ச வேலைய மட்டும் போடுவோம்” என்றாள் அருணாதேவி.

“போடி இவளே! பேரே இல்லாட்டி, இம்புட்டு நாளா ஜெயில்ல இருந்தேன்னு நெனைப்பாக.”

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சட்டென்று யோகலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏடி, நான் எங்கிட்டு ஓடுனேன்? வருஷா வருஷம் அதே நாலு கம்பெனிதான கூப்பிடுது! மாசவாரியாப் போடு.”

ஆடி முதல் பட்டாசு கிப்ட் பாக்ஸ். தீபாவளி கழிந்தால் காலண்டர். தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை. மாசியிலிருந்து நோட்டு. ஒவ்வொன்றின் கீழும் அங்கே அவள் செய்யும் வேலை. எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

“யாருடி இவ, இம்புட்டுக் கெட்டிக்காரியா இருக்கா?” என்று தன் ரெஸ்யூமைப் பார்த்துத் தானே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் அச்சக முதலாளி சீனிவாசகம் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பினார்.

“நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா வருஷா வருஷம் கூப்பிடுறாகன்னு நீங்கதான சொல்றீக?”

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அலறியது. அணைக்கப்போன பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள். பேசியது பட்டாசு கம்பெனி மேனேஜர் சங்கிலிமுத்து.

“யோகாம்மா, எங்கன இருக்கீக? ஆடி பொறக்கப்போகுது. நீங்க வராம கிப்ட் பாக்ஸ் வேலைய ஆரம்பிக்கக் கூடாதுன்னு முதலாளி ஒத்தக் கால்ல நிக்காரு! வேன் அனுப்பவா?”

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சீனிவாசகம் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

“வேன் வேண்டாம் தம்பி. இந்த ஆடிக்கு வேற ஆள் பாத்துக்கோங்க. அடுத்த ஆடிக்கும்தான்.”

வெளியே வரும்போது வாட்ச்மேனிடம், “நாளைக்கு வாரேன் அண்ணாச்சி” என்றாள். இரண்டு எட்டு நடந்தவள் ஓடோடித் திரும்பி வந்தாள்.

“தீவாளி முடிஞ்சும் வருவேன்!”