முதுகுக்குப் பின்னால் ஆடும் விரல்கள்

இந்திய அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வாலிபால் ஆடியவன் நான். செங்கம் ரோட்டு காபிக் கடையில் இதைச் சொன்னால் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து கை கொடுப்பார்கள். என் மனைவி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மீதிக் கதை அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் நான் கக்கூசில் குடியிருந்தது தெரியும். வெளிநாட்டில் ஒருமுறை தேசிய கீதத்துக்கு லேட்டாகி, அரக்கப்பரக்க ஓடிவந்து, எதிர் அணியின் வரிசையில் போய் விறைப்பாக நின்றதும் தெரியும். இப்படிப்பட்டவனுக்கு எப்படி அந்தச் சட்டை கிடைத்தது என்றால், பயத்தில் எனக்குக் கை மட்டும் நடுங்காது. மற்றதெல்லாம் நடுங்கும்.

நான் செட்டர். அதாவது, அடிக்கிறவன் வேறு ஆள். அவனுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிறவன் நான். அடுத்த பந்து யாருக்கு என்பதை எங்கள் ஆட்களுக்கு மட்டும் சொல்ல, நெட்டைப் பார்த்து நின்றபடி முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவேன். ஆள்காட்டி விரல் என்றால் நடுவில் நிற்பவனுக்கு. சுண்டு விரல் என்றால் இடது ஓரத்துக்கு. காட்டிக் காட்டி, ஆட்டத்தை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. கொஞ்சம் பயம் வந்தால் போதும், கை தானாகப் பின்னால் போய்விடும். மகள் பிறக்கும் நேரத்தில் பிரசவ வார்டு வாசலில் நின்றவனைப் பார்த்து நர்ஸம்மா, "இன்னா சார், முதுகுல அரிப்பா?" என்று கேட்டார்.

அந்த மகளும் செட்டராகவே வந்து சேர்ந்தாள். போன மாதம் எங்கள் ஊர் மைதானத்தில் ஃபைனல். எதிரே பக்கத்து மாவட்டப் பெண்கள். ஷாமியானாவுக்குக் கீழே மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செட்டருக்கு அங்கே ஒரே ஓர் இடம்தான் காலி. ஒன்று என் மகளுக்கு, இல்லாவிட்டால் எதிர் அணியின் செட்டருக்கு.

வீட்டிலேயே மகள் கண்டிஷன் போட்டுவிட்டாள். "ப்பா, நீ கத்தக் கூடாது. என் கண்ணுல படக் கூடாது. கேலரி ஓரமா கம்முனு நில்லு."

நல்ல பிள்ளையாகக் கீழ்ப்படியில் நின்றேன். வாயை இறுக்கி மூடினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் மேல்படியில் எதிர் அணியின் கோச். பெஞ்சில் வெயில் ஜாஸ்தி என்று நிழலுக்கு ஏறி வந்திருந்தான். அவன் வேறு யாருமில்லை, இந்திய அணியில் என்னோடு ஆடிய என் பழைய கூட்டாளிதான். நான் கொடுத்து அவன் அடித்த பந்துகளுக்குக் கணக்கே கிடையாது.

முதல் செட்டை எங்கள் பெண்கள் அள்ளினார்கள். இரண்டாவதில் என்னமோ ஆகிவிட்டது. என் மகள் நடுவில் கொடுத்தால், அங்கே இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். ஓரத்தில் கொடுத்தால் அங்கேயும் நிற்கிறார்கள். ஷாமியானாவுக்குள் தலைகள் ஆடின. என் கண் மைதானத்துக் கக்கூசைத் தேட ஆரம்பித்தது. செட் போயிற்று.

அப்போதுதான் மேல்படியில் உட்கார்ந்திருந்த மனைவி என் பக்கம் குனிந்தாள். "ஏங்க, உங்க விரலு ஆடிக்கிட்டே இருக்கு. நீங்க ஒரு விரலக் காட்டுனா, உங்க ஃபிரண்டு 'நடுவுல'ன்னு கத்துறாரு."

மகளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அவள் அடுத்து எங்கே கொடுப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததை என் விரல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. உலகத்திலேயே அந்தப் பாஷை தெரிந்த ஒருத்தன் சரியாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்!

"டேய், இது நியாயமாடா?" என்றேன்.

"நானாடா காட்டச் சொன்னேன்? அந்தக் காலத்துல உன் விரலப் பாக்கலன்னு திட்டுவ, இப்போ பாத்தேன்னு திட்டுற. கம்முனு திரும்பி நில்லு மச்சான், நல்லாத்தானே போய்ட்டிருக்கு."

கடைசியான மூன்றாவது செட்டுக்கு மனைவியின் கைப்பையை வாங்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"இன்னா மச்சான், கடைய மூடிட்ட?" என்றான் பின்னாலிருந்து.

ஆட்டம் சரிசமமாகப் போய், கடைசியில் இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் எங்களுக்கு ஜெயம் என்று வந்து நின்றது. அந்த நேரத்தில்தான் என் மண்டையில் ஓர் அற்புதமான அயோக்கியத்தனம் உதித்தது. காட்டினால் நம்புகிறான் அல்லவா? பொய்யாகக் காட்டினால்?

எங்கள் அணியில் இடது ஓரத்தில் ஒரு குட்டைப் பெண் ஆடினாள். அந்தச் செட்டில் அவள் அடித்ததெல்லாம் நெட்டில்தான் போய் விழுந்திருந்தது. இந்த நேரத்தில் அவளுக்குப் பந்து கொடுக்கப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். கைப்பையை மனைவியிடம் தள்ளிவிட்டு, கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுண்டு விரலை நீட்டினேன்.

"குட்டப் பொண்ணு! குட்டப் பொண்ணப் புடிங்க!" என்று அவன் அலறினான். எதிர் அணியின் நெட்டைப் பெண்கள் இரண்டு பேரும் அந்த ஓரத்துக்கு ஓடினார்கள். நடுவில் ஆளே இல்லை. லாரி போகிற அளவுக்கு இடம்.

என் மகள் குட்டைப் பெண்ணுக்குக் கொடுத்தாள்.

"அய்யோ!" என்று கத்தியது நானேதான். கத்த மாட்டேன் என்று கொடுத்த வாக்கும் போயிற்று. மகளின் இடத்தை என் சுண்டு விரலாலேயே அடுத்த வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் கேட்டுத் திறந்தால், பந்து எல்லைக் கயிற்றைத் தாண்டி ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில் உருண்டுகொண்டிருந்தது. மனைவிதான் சொன்னாள்: அந்தப் பெண் ஓங்கி அடிக்கவில்லையாம். எதிரே நின்ற கைச்சுவரைப் பார்த்து, ஓரத்தில் இருந்தவளின் விரல்மேல் பந்தைத் தள்ளி வெளியே அனுப்பிவிட்டாளாம். தடுக்கிறவள் கையில் பட்டு வெளியே போனால் பாயின்ட் எங்களுக்கு.

கூட்டாளி இறங்கி வந்து தோளைத் தட்டினான். "நீ கரெக்டாத்தான் காட்டுன மச்சான். எங்க பொண்ணுங்கதான் கோட்ட விட்டுட்டாளுங்க." நான் அடக்கமாகத் தலையாட்டினேன். ஷாமியானாவிலிருந்து மைக்கில் மகளை முகாமுக்குக் கூப்பிட்டதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது கேட்டேன். "ஏம்மா, அவளுக்குப் போய் ஏன் குடுத்த? அடிச்சதெல்லாம் நெட்டுல போச்சே."

"அவ கேட்டாப்பா."

"கேட்டா?"

"இன்னொண்ணு குடு, இந்தத் தடவ பாத்துக்கறேன்னா. குடுத்தேன்."

என்னிடமும் எத்தனையோ பேர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பந்தைக் கோட்டை விட்டவனுக்கு அன்றைக்கு மறுபடி கொடுத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம். மகளுக்கும் பயமிருந்ததாம். இருந்தும் கொடுத்திருக்கிறாள். ஆட்டோக்காரரிடம் வண்டியின் மைலேஜ் விசாரித்தேன்.

அதற்குள் மனைவி விரல் விவகாரம் மொத்தத்தையும் அவிழ்த்து விட்டாள். மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது கறாராகச் சொன்னாள்.

"முகாமுக்கு நான் மட்டும்தான் போவேன். நீ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வா. பஸ் கிளம்பினதும் வீட்டுக்குப் போயிடு."

"சரிம்மா. டாட்டா காட்டலாமா?"

கொஞ்சம் யோசித்தாள். "காட்டு. முன்னாடி நின்னு, அஞ்சு விரலையும் விரிச்சு."